சந்திரனைத் தேய்ப்பது சாபமா? சூரியக் காற்றா?

(பாச்சலூரில் நடந்த கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



காப்பித் தோட்டத்திலும் வாழைக் காட்டிலும் பகல் முழுவதும் உழைத்துவிட்டு, இந்தக் குளிரில் இவ்வளவு பேர், அதிலும் பெண்கள் இத்தனை பேர், வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாயிருக்கிறது. நான் பெரிய வித்வான் அல்ல. சயன்சு படித்துப் பட்டம் பெற்றவனும் அல்ல. படித்தவர்கள் எழுதியதைப் படித்து, எனக்கு விளங்கிய அளவில் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். ஆகவே நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் சொந்த புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையானால் தள்ளிவிடுங்கள்.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, தலைக்கு மேலே நிற்கிறதே, அந்தச் சந்திரனைப் பற்றி. சந்திரன் தேய்கிறது என்பது உண்மைதானா? உண்மையானால் அதைத் தேய்ப்பது எது? இதுதான் கேள்வி.

புராணத்தின் பதில்

இதற்குப் புராணக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தட்சன் என்பவனுக்கு 27 பெண்களாம். அந்த 27 பேரையும் சந்திரன் கட்டிக்கொண்டானாம். கட்டிக்கொண்டவன் ரோகிணி ஒருத்தியிடமே இருந்துவிட்டானாம். மற்றப் பெண்கள் தகப்பனிடம் போய் அழ, அவன் கோபித்து "நீ தேய்ந்து போ" என்று சபித்தானாம். பிறகு கடவுளின் காலில் விழுந்து, தேய்ந்தாலும் திரும்ப வளர வரம் வாங்கிக்கொண்டானாம். இப்படிப்பட்ட குடும்ப வழக்கு ஒன்று நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்திருந்தால், நாம் அந்த மாப்பிள்ளைக்கு என்ன தீர்ப்புச் சொல்லியிருப்போம்? ஆனால் அங்கேயோ அவனை நவக்கிரகத்தில் ஒருவனாக்கி, அவனுக்கு வெள்ளை வேட்டியும் பச்சரிசியும் வைத்துக் கும்பிடச் சொல்லுகிறார்கள்!

தேய்பிறையின் சங்கதி மிகவும் எளிது. உங்கள் தோட்டத்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து, இருட்டறையில் ஒரு விளக்கை வைத்து, பழத்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெள்ளச் சுற்றி வாருங்கள். பழத்தில் எப்போதும் பாதிப் பக்கம் வெளிச்சமாகவே இருக்கும். ஆனால் உங்கள் கண்ணுக்கு அது ஒரு சமயம் முழு வட்டமாகவும், ஒரு சமயம் பிறையாகவும், ஒரு சமயம் ஒன்றுமில்லாததாகவும் தெரியும். பழம் தேயவுமில்லை, வளரவுமில்லை. தட்சனும் வேண்டியதில்லை, சாபமும் வேண்டியதில்லை.

கிரகணமும் இப்படித்தான். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுந்தால் சந்திர கிரகணம். சந்திரனின் நிழல் பூமிமேல் விழுந்தால் சூரிய கிரகணம். இது வெள்ளைக்காரன் வந்து சொன்ன சங்கதி என்று யாரும் எண்ண வேண்டாம். 1500 ஆண்டுகளுக்கு முன்பே ஆரியபட்டர் இது நிழல் என்று எழுதிவிட்டார். பஞ்சாங்கக்காரர்கள் கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும், எத்தனை மணிக்கு விடும் என்று முன்கூட்டியே குறிக்கிறார்களே, அது எந்தக் கணக்கினால்? சூரியன், பூமி, சந்திரன் எந்நேரம் எங்கே இருக்கும் என்ற கணக்கினால்தான். ராகு என்னும் பாம்புக்கு எப்போது பசி எடுக்கும் என்று எவரால் கணக்குப் போட முடியும்? ஆகவே கணக்கு நிழலுக்கு. காசு மட்டும் ராகுவுக்கு!

இது சிரித்துவிட்டுப் போகிற காரியமாக மட்டும் இருந்தால் நான் இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்க மாட்டேன். 2019 டிசம்பர் 26-ந் தேதி காலையில் திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்ததே, உங்களில் பலர் அறிவீர்கள். அப்போது என் தமக்கை ஏழு மாதக் கர்ப்பிணி. கிரகணம் பிடித்து விடுகிற மூன்று மணி நேரமும், அதற்கு முன்னும் பின்னுமாக, அவளை ஓர் இருட்டறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். சோறு கிடையாது, ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது, அசையக்கூடாது. அசைந்தால் குழந்தை ஊனமாய்ப் பிறக்குமாம். வெளியே எடுக்கும்போது மயங்கிக் கிடந்தாள். நான் அந்த வீட்டில் இருந்தவன். இருந்தும் அன்று வாய் திறக்கவில்லை. பெரியவர்களிடம் ஏன் சண்டை என்று சும்மா இருந்துவிட்டேன். அந்த வெட்கந்தான் என்னை இன்று பேச வைத்திருக்கிறது.

சூரியக் காற்று

நிற்க. சாபத்தினால் சந்திரன் தேயவில்லை என்றேன். ஆனால் சந்திரன் உண்மையாகவே தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது! அது கண்ணுக்குத் தெரிகிற தேய்வு அல்ல. கருவி வைத்து அளக்க வேண்டிய தேய்வு. அதைத் தேய்ப்பவற்றில் ஒன்றுக்குச் சூரியக் காற்று என்று பெயர்.

நம்முடைய இதே பழனி மலையில், கோடைக்கானலில், 1899-ல் ஒரு சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சூரியனில் கரும்புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளிலிருந்து ஆவி வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் என்பவர் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகமெங்கும் அதற்கு இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட் அம்மையாரும் சும்மா இருக்கவில்லை. சூரியன் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1917-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பெண்ணை இருட்டறையில் போட்டு அடைத்தால் மூர்ச்சை வரும். தூரதரிசினிக்கு முன்னால் உட்கார வைத்தால் அறிவு வரும்.

ஆக, சூரியன் அசையாத தங்கத்தட்டு அல்ல, கொதித்துக்கொண்டிருக்கும் பாண்டம். அதன் மேற்புறத்துக்கு வெளியே உள்ள ஆவி மண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடுள்ளது. அவ்வளவு சூட்டில் ஆவியைச் சூரியனால் முழுதும் பிடித்து நிறுத்த முடிவதில்லை. அது நாலு திசையும் சதா வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதுதான் சூரியக் காற்று. நம் மலையில் அடிக்கிற காற்றைப்போல் அல்ல இது. மின்சாரம் ஏறிய துகள்களின் ஓட்டம். பெரும்பாலும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம். விநாடிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேகம். அதாவது திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தை ஒரு விநாடியில் கடக்கும். அந்த வேகத்தில் வந்தும் சூரியனிலிருந்து நம் பக்கம் சேர நாலு நாள் ஆகிறது என்றால், சூரியன் இருக்கும் தூரத்தை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு தமிழர் செய்த நியாயம்

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீண்டிருக்கும். ராஜாவுக்கு ஆகாது என்று நம்மவர்கள் எதைக் கண்டு பயந்தார்களோ, அந்த வாலைப் பார்த்தே 1951-ல் பீர்மான் என்ற ஜெர்மானியர், "சூரியனிலிருந்து ஏதோ துகள்கள் வந்து இதைத் தள்ளுகின்றன" என்று சொன்னார். 1958-ல் அமெரிக்காவில் சிகாகோவில் இருந்த பார்க்கர் என்ற இளைஞர், அது எப்படி வர முடியும் என்பதற்குக் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். வான சாஸ்திரப் பத்திரிகைக்கு அனுப்பினார். பரிசீலித்த இரண்டு பெரியவர்களும் அதை வெளியிடத் தகாது என்று தள்ளிவிட்டார்கள்.

அப்போது அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தவர் யார் தெரியுமா? சென்னை மாகாணக் கல்லூரியில் படித்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்துப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் ஒரு பிழையையாவது அந்தப் பெரியவர்கள் எடுத்துக் காட்டினார்களா என்று பார்த்தார். இல்லை. "எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு, தவறு என்று காட்டுவது வேறு" என்ற நியாயத்தைக் கொண்டு, இரண்டு பெரியவர்களின் வார்த்தையையும் தள்ளிக் கட்டுரையை அச்சிட்டார்.

தோழர்களே, அவருக்கு இந்த நியாயம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. 1935-ல் லண்டனில் அவர் தம்முடைய கண்டுபிடிப்பைச் சொன்னபோது, எடிங்டன் என்ற மகா பெரிய விஞ்ஞானி சபையிலேயே அதைக் கேலி செய்தார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பின்னால் சந்திரசேகர் சொன்னதே சரியாயிற்று; 1983-ல் நோபல் பரிசும் வந்தது. பெரியவர் வார்த்தை என்ற தடியால் அடிபட்ட ஒருவர், தம் கைக்கு அந்தத் தடி வந்தபோது இன்னொருவரை அடிக்கவில்லை. நம் நாட்டு மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

கட்டுரை வெளிவந்த மறு ஆண்டே, 1959-ல், ருஷியர் அனுப்பிய லூனா கருவிகள் இந்தத் துகள்களைக் கண்டன. 1962-ல் சுக்கிரனை நோக்கிப் போன அமெரிக்க மாரினர் 2, சூரியக் காற்று ஓயாமல் அடிப்பதைச் சந்தேகமில்லாமல் காட்டிவிட்டது. 1969-ல் சந்திரனில் இறங்கிய மனிதர்கள் ஓர் அலுமினியத் தகட்டை 77 நிமிஷம் வெயிலில் நிறுத்தி, சுருட்டி எடுத்து வந்தார்கள். சுவிட்சர்லாந்தில் அதை ஆராய்ந்தபோது, சூரியனிலிருந்து வந்த துகள்கள் அதில் புதைந்திருந்தன. நாம் கொடியில் துணி காயப்போடுவதுபோலப் போட்டு, சூரியக் காற்றையே பிடித்து வந்துவிட்டார்கள்!

தேய்கிற விதம்

இனி, இந்தக் காற்று கல்லை எப்படித் தேய்க்கிறது என்று பார்ப்போம். பூமிக்கு இரண்டு காவல் உண்டு. ஒன்று நம்மைச் சுற்றியுள்ள காற்று மண்டலம். மற்றொன்று பூமியின் காந்த சக்தி. மின்சாரம் ஏறிய துகள்களைக் காந்தம் வழிவிலக்கி விடுகிறது. சந்திரனுக்குக் காற்றும் இல்லை. பூமிக்குள்ளதுபோன்ற காந்தமும் இல்லை. கூரையில்லாத வீடு மழையில் நிற்பதுபோல அது நிற்கிறது. சூரியனை நேரே பார்க்கும் பக்கத்தில், ஒரு விரல் நகத்தளவு இடத்தில், விநாடிக்கு இருபது கோடித் துகள்கள்போல வந்து மோதுகின்றன.

பையன்கள் கோலி ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். கூட்டமாய்க் கிடக்கும் குண்டுகளின்மேல் ஒரு குண்டை வேகமாய் அடித்தால், அடித்தது உள்ளே சிக்கிக்கொள்ளும். எங்கோ ஓரத்தில் உள்ள ஒன்று தெறித்து வெளியே ஓடும். கல்லின் மேற்புறத்திலும் இதுவேதான் நடக்கிறது. வருகிற துகள் உள்ளே புதைகிறது. கல்லிலுள்ள சோடியமோ ஆக்ஸிஜனோ ஓர் அணு எப்போதாவது தெறித்து ஆகாயத்தில் போகிறது. எல்லா அடிக்கும் தெறிப்பதில்லை. நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற மாதிரிதான். ஆகையால் தேய்வும் மிகச் சொற்பம். ஆண்டுக்கு ஓர் அணுவின் கனம்கூட இல்லை. நூறு கோடி ஆண்டு ஆனாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்தான்.

"இவ்வளவுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். அளவு சிறிதுதான், விளைவு பெரிது. இந்த அடியினாலும், சிறு விண்கற்கள் விழுந்து உருகுவதாலும், மண் பொடியின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் படிகின்றன. அதனால் மண் நாளடைவில் கறுக்கிறது. புதிதாய்த் தோண்டிய மண் வெளுப்பாயும், பழைய மண் கறுப்பாயும் இருக்கும். இதை நீங்களே பார்க்கலாம். பௌர்ணமியன்று சந்திரனின் தெற்குப் பாதியில் ஒரு பள்ளமும், அதைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளைக் கோடுகளும் தெரியும். அதற்கு டைக்கோ என்று பெயர். ஏறக்குறைய பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கல் விழுந்து உண்டான பள்ளம். சந்திரனின் வயதுக்கு அது நேற்றைய காரியம். அதனால்தான் இன்னும் வெளுப்பாயிருக்கிறது.

அன்றியும், இந்தக் காற்று அடித்துவிட்டுப் போவது மட்டுமல்ல. ஒன்றைக் கொடுக்கவும் செய்கிறது. புதைகிற ஹைட்ரஜன் கல்லிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீரின் கூறாகிறது. சந்திரன் மண்ணில் இந்த நீர்க்கூறு பரவியிருப்பதை 2008-ல் இந்தியா அனுப்பிய சந்திரயான் 1-ல் இருந்த கருவிதான் 2009-ல் உலகுக்குக் காட்டிற்று. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, இங்கிருந்து மேற்கே பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர். அதே கலத்தில் திருவனந்தபுரத்தாரும் சுவீடன் தேசத்தாரும் சேர்ந்து செய்த இன்னொரு கருவி இருந்தது. மோதுகிற ஹைட்ரஜன் முழுவதும் மண்ணில் தங்கிவிடும் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். நூற்றுக்கு இருபது வரை திரும்பத் தெறித்துப் போகிறது என்று அந்தக் கருவி காட்டிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. சந்திர குலம், சூரிய குலம் என்று தங்கள் பிறப்பைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சந்திரனில் இறங்கும் வண்டியைப் பழக்க நம் விஞ்ஞானிகளுக்குச் சந்திரன் மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. எங்கே எடுத்தார்கள்? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் பாறையை எடுத்து அரைத்தார்கள். ஆகவே இனி யாராவது "நான் சந்திர குலம்" என்றால், "ஓகோ, சித்தம்பூண்டிக் கல்லுக்குச் சொந்தக்காரரா!" என்று கேளுங்கள்.

கிரகணத்தன்று நடப்பது

இப்போது கிரகணத்துக்கு வருகிறேன். பூமியின் காந்தக் காவல், சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் நீண்ட வால்போலப் போகிறது. பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் சந்திரன் அந்த வாலுக்குள் புகுந்து வருகிறது. அந்த நாட்களில் சூரியக் காற்று அதன்மேல் பெரும்பாலும் படுவதில்லை. சந்திர கிரகணமோ பௌர்ணமியில்தானே வரும்? ஆகவே பாம்பு சந்திரனை விழுங்குகிறது என்று நாம் பயந்து கதவைச் சாத்துகிற அதே வேளையில், உண்மையில் நம் பூமி அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறது!

சந்திரனைச் சுற்றி மிக மெல்லிய சோடிய ஆவி மூட்டம் ஒன்று உண்டு. கல்லிலிருந்து தெறித்த அணுக்கள்தான் அவை. அவற்றைத் தெறிக்க வைப்பது சூரியக் காற்றுதானா என்று சோதிக்க, சில விஞ்ஞானிகள் 1993 நவம்பர் 29-ந் தேதி கிரகணத்துக்காகக் காத்திருந்தார்கள். சூரியக் காற்று படாத அந்த வேளையிலும் மூட்டம் இருந்தது. ஆகவே சூரியக் காற்று மட்டும் காரணம் அல்ல, வெயிலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று முடிவு செய்தார்கள். தோழர்களே, கவனியுங்கள். ஒரே கிரகணம். ஒரு வீட்டில் அது கர்ப்பிணிக்குத் தண்ணீர் மறுக்கக் காரணமாயிற்று. இன்னொரு இடத்தில் அது ஒரு கேள்விக்கு விடை சொல்லும் பரீட்சையாயிற்று.

மாற்றிக்கொள்ளும் துணிவு

கடைசியாக ஒரு விஷயம். இவ்வளவு நேரம் சூரியக் காற்றின் புகழைப் பாடினேன். ஆனால் அண்மையில் நடந்தது என்ன? சந்திரனிலிருந்து கொண்டு வந்த மண்ணை ஆராய்ந்து, அந்த ஆவி மூட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சிறு விண்கற்கள் விழுவதால் உண்டாவது, சூரியக் காற்றின் பங்கு முப்பதுக்கும் குறைவு என்று 2024-ல் ஒரு கூட்டத்தார் வெளியிட்டார்கள். 2025-ல் வியன்னா நகரத்தார், அப்போலோ 16 கொண்டு வந்த உண்மையான சந்திர மண்ணின்மேல் சோதனைச் சாலையில் துகள்களை ஏவிப் பார்த்தார்கள். தேய்வு, முன்பு எண்ணியதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்கிவிடுகிறது என்று கண்டார்கள். அதே சமயம், 2024 மே 10-ந் தேதி சூரியனிலிருந்து பெரிய வெடிப்பு ஒன்று வந்து மோதியபோது, சந்திரனின் மெல்லிய மூட்டம் பத்து மடங்குக்கு மேல் பெருகியதை நம் சந்திரயான் 2 கண்டிருக்கிறது. ஆக, சூரியக் காற்றுக்கு வேலை உண்டு. ஆனால் முன்பு நினைத்த அளவு இல்லை.

இதனால் விஞ்ஞானத்துக்கு மானம் போய்விட்டதா? "நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்லுகிறார்கள், எங்கள் சாஸ்திரம் என்றைக்கும் மாறாதது" என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. நான் சொல்லுகிறேன், மாறாததுதான் அதன் வியாதி. தவறு என்று தெரிந்த பிறகும் மாறாதிருப்பதற்குக் கல்லால் கூட முடியாது. சந்திரனிலுள்ள கல்லே நாளுக்கு நாள் தேய்ந்து நிறம் மாறுகிறது. தட்சன் கதை மட்டும் ஒரு துணுக்கும் தேயாமல் இருக்கிறதென்றால், அது உறுதியினாலா, அல்லது யாரும் அதன்மேல் ஒரு கேள்வியும் எறியாததாலா?

இந்த இடத்தில் நம் விஞ்ஞானிகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. ராக்கெட்டு விடுவதற்கு முன் அதன் பொம்மையைத் திருப்பதிக்கு எடுத்துப்போய் வைத்துக் கும்பிடுகிறார்கள். 2019-லும் போனார்கள், 2023-லும் போனார்கள். 2019-ல் இறங்குகலம் விழுந்து நொறுங்கிற்று. 2023-ல் பத்திரமாய் இறங்கிற்று. நடுவில் மாறியது சாமியா? இல்லை. என்ஜின் எங்கே அதிகம் தள்ளியது, கணக்கு எங்கே பிசகியது என்று தேடித் திருத்தினார்கள், இறங்கிற்று. அந்தத் திருத்தும் புத்தியைத்தான் நாம் கும்பிடாமல் கைக்கொள்ள வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, உங்களைத்தான் முக்கியமாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த சந்திர கிரகணத்தன்று இந்தப் பாச்சலூரில் ஒரு வீட்டிலும் கதவு சாத்தியிருக்கக்கூடாது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கர்ப்பிணிகளையும் கூட்டிக்கொண்டு, வாசலில் வந்து உட்காருங்கள். பசித்தால் சாப்பிடுங்கள். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஒரு கெடுதியும் இல்லை. சூரிய கிரகணத்தை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். அது தோஷத்தினால் அல்ல. வெயில் கண்ணைச் சுட்டுவிடும் என்பதனால். அதற்கென்று தனிக் கண்ணாடி உண்டு. பையன்களும் பெண்களும் ஒருமுறை கோடைக்கானலுக்குப் போய் அந்த ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

யாராவது பெரியவர் தடுத்தால் சண்டை போட வேண்டாம். "கணக்கில் எங்கே பிழை என்று காட்டுங்கள்" என்று மட்டும் மரியாதையாய்க் கேளுங்கள். அன்று என் தமக்கைக்காக நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.